எங்கும் நிற்காத கப்பலில் குடும்பத்தோடு: 'டிஸ்னி அட்வென்ச்சர்' உள்ளே என்ன இருக்கு, எதைப் பார்த்து புக் செய்யணும்?

வீட்டில் விமான டிக்கெட், ஹோட்டல் அறை, படம் பார்க்க சீட்டு எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் புக் செய்வது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். அப்பா "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பார். அம்மா "சாப்பாடு எப்படி?" என்பார். தங்கைக்கு ரோலர் கோஸ்டர் இருந்தால் போதும். பாட்டிக்கு ரொம்ப தூரம் நடக்காமல் இருந்தால் போதும். எல்லாருக்கும் பதில் தேடுவது உங்கள் வேலை.

சிங்கப்பூரில் இப்போது அந்தத் தேடலில் அடிக்கடி வரும் பெயர் 'டிஸ்னி அட்வென்ச்சர்'. ஆசியாவைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட முதல் டிஸ்னி கப்பல் இது. அந்த நிறுவனத்தின் கப்பல்களிலேயே ஆகப் பெரியதும் இதுதான்.

"குடும்பத்துக்கு ஏற்ற கப்பல்" என்று விளம்பரத்தில் சொல்வது சுலபம். உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதா என்பதுதான் கேள்வி. வாங்க, கப்பலை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம்.

இது எங்கிருந்து வந்த கப்பல்?

இந்தக் கப்பல் டிஸ்னிக்காகக் கட்டத் தொடங்கியது அல்ல. கெந்திங் ஹாங்காங் நிறுவனத்துக்காக, ஜெர்மனியின் விஸ்மார் நகரில் 'குளோபல் ட்ரீம்' என்ற பெயரில் உருவானது. கொவிட்-19 காலத்தில் உல்லாசப் பயணத் துறையே முடங்கியது. 2022 ஜனவரியில் கப்பலைக் கட்டிய எம்வி வெர்ஃப்டன் நிறுவனம் நொடித்துப்போனது. அதைத் தொடர்ந்து கெந்திங் ஹாங்காங்கும் விழுந்தது. கப்பல் பாதியில் நின்றுவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் அதை வாங்கியதாக டிஸ்னி அறிவித்தது. மேயர் வெர்ஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் மீதிப் பணிகளை முடிக்கும் பொறுப்பை ஏற்றது. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்துடன் செய்த உடன்பாட்டின்படி, கப்பல் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இங்கிருந்து இயங்கும். முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று முதலில் குறிக்கப்பட்டது. பின்னர் அது 2026 மார்ச் 10க்கு மாற்றப்பட்டது.

இந்தக் கதை நமக்கு எதற்கு? ஒரு காரணம் இருக்கு. முதல் திட்டப்படி இந்தக் கப்பல் 9,500க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்ல இருந்தது. டிஸ்னி அதைச் சுமார் 6,700ஆகக் குறைத்தது. அதே உடல், ஆனால் ஆட்கள் ஏறக்குறைய 2,800 பேர் குறைவு.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கப்பலின் மொத்தக் கொள்ளளவு சுமார் 208,000 டன். இங்கே 'டன்' என்பது எடை இல்லை. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் எவ்வளவு என்பதைக் கொண்டு கணக்கிடும் எண் அது. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு தெரியும். 9,500 பேர் என்றால் தலைக்கு ஏறக்குறைய 22. 6,700 பேர் என்றால் 31.

எந்தக் கப்பலுக்கும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒன்று: சில நிறுவனங்கள் அறைக்கு இருவர் என்று வைத்துப் பயணிகள் எண்ணிக்கையைச் சொல்லும், சில அதிகபட்ச எண்ணிக்கையைச் சொல்லும். இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.

'எங்கும் நிற்காது' என்றால்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் புக் செய்யவே கூடாது. டிஸ்னி அட்வென்ச்சரின் பயணங்கள் மூன்று இரவு அல்லது நான்கு இரவு. சிங்கப்பூரில் ஏறுவீர்கள், சிங்கப்பூரிலேயே இறங்குவீர்கள். நடுவில் பினாங்கு கிடையாது, புக்கெட் கிடையாது. முழுக்கக் கடல்தான்.

கொவிட்-19 காலத்தில் 2020 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து "எங்கும் போகாத" கப்பல் பயணங்கள் தொடங்கின, ஞாபகம் இருக்கா? அப்போது எல்லைகள் மூடியிருந்ததால் வேறு வழி இல்லை. இப்போது அப்படி இல்லை. இது வேண்டுமென்றே வகுத்த திட்டம். கப்பலே சுற்றுலாத் தலம்.

அப்படின்னா நீங்கள் வாங்குவது கப்பலின் உள்ளே இருக்கும் நேரத்தைத்தான். வழக்கமான கப்பல் பயணத்தில் அறை சின்னதாக இருந்தாலும், ஒரு நாள் கரையில் இறங்கி ஊர் சுற்றினால் மறந்துபோகும். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. அறை, சாப்பாடு, கூட்டம், பிள்ளைகளின் பொழுதுபோக்கு எல்லாமே கப்பலுக்குள்தான். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று: எங்கும் நிற்காவிட்டாலும் கடப்பிதழ் வேண்டும். நீங்கள் சிங்கப்பூர்க் குடிநுழைவைக் கடந்துதான் கப்பலில் ஏறுகிறீர்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தாத்தாவின் கடப்பிதழ் அலமாரிக்குள் காலாவதியாகிக் கிடக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஏறும் நாள் எப்படி இருக்கும்?

கப்பல் புறப்படுவது மரினா பே சொகுசுக் கப்பல் நிலையத்திலிருந்து. மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கு. பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் டாக்சி சுலபம்.

ஆயிரக்கணக்கானோர் இறங்கும் அதே நாளில் ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். அதனால்தான் இணையத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து, நிலையத்துக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பதிவு திறந்ததும் செய்துவிட்டால் நல்ல நேரம் கிடைக்கும்.

பெரிய பெட்டிகளை நிலையத்தில் கொடுத்துவிட்டால் அவை பிறகு அறை வாசலுக்கு வரும். பிறகு என்றால் சில மணி நேரம் கழித்துக்கூட இருக்கலாம். ஆகவே பாட்டியின் மருந்து, பிள்ளையின் நீச்சலுடை, ஒரு செட் மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

எதைக் கொண்டுபோகக் கூடாது? துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி, சோறு வடிக்கும் ரைஸ் குக்கர், தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி போன்ற சூடாகும் சாதனங்களைப் பொதுவாகக் கப்பல்கள் அனுமதிப்பதில்லை. நடுக்கடலில் தீ என்பது ஆகப் பெரிய ஆபத்து. வீட்டில் செய்த பலகாரமும் பெரும்பாலும் கூடாது. கடையில் வாங்கி, பிரிக்காமல் இருக்கும் பொட்டலம் பரவாயில்லை. அம்மா முறுக்கு டப்பாவை எடுத்துவைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அத்தை, மாமாவோடு பிள்ளைகள் மட்டும் போகிறார்களா? பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் தேவைப்படும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கும் விஷயம். ஆனால் படிவம் ஞாபகத்துக்கு வருவது நிலையத்து வரிசையில் நிற்கும்போதுதான்.

முதல் வேலை நீச்சல் குளமா?

இல்லை. பாதுகாப்புப் பயிற்சி. பலர் சலித்துக்கொள்ளும் பகுதி இது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கு.

2012 ஜனவரியில் 'கோஸ்டா கொன்கோர்டியா' என்ற கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு இன்னும் பயிற்சி நடக்கவில்லை. அதன் பிறகு அனைத்துலகக் கடற்பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டது. 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்குப் பயிற்சி தர வேண்டும்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, உங்கள் அறைக்கு எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது. இரண்டு, அவசர ஒலி: ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. பிள்ளைகளுக்குத் தனி அளவில் உயிர்காப்பு அங்கி உண்டு. அது எங்கே இருக்கு என்று கேட்டு வையுங்கள். குடும்பமே பல இடங்களில் சிதறி இருக்கும்போது ஒலி கேட்டால் யார் யாரை அழைத்து வருவது என்றும் பேசி வையுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

சரி, உள்ளே என்னென்ன இருக்கு?

கப்பலின் நீளம் 342 மீட்டர். உள்ளே ஏழு பகுதிகள்.

'டிஸ்னி இமேஜினேஷன் கார்டன்' கப்பலின் நடுவில் உள்ள திறந்தவெளித் தோட்டம். அங்கே மேடையும் உண்டு. 'டிஸ்னி டிஸ்கவரி ரீஃப்' கடல் சார்ந்த படங்களை மையமாகக் கொண்டது. 'சான் ஃபிரான்சோக்கியோ ஸ்ட்ரீட்' 'பிக் ஹீரோ 6' படத்தின் நகரம். 'வேஃபைண்டர் பே' மொவானா படத்தைத் தழுவிய குளத்தங்கரை. 'டவுன் ஸ்குவேர்' இளவரசிகளின் இடம். 'டாய் ஸ்டோரி பிளேஸ்' சின்னப் பிள்ளைகளின் தண்ணீர் விளையாட்டு. 'மார்வெல் லேண்டிங்' உங்கள் தம்பி முதலில் ஓடும் இடம்.

மார்வெல் பகுதியில்தான் 'அயர்ன்சைக்கிள் டெஸ்ட் ரன்' என்ற ரோலர் கோஸ்டர். தடத்தின் நீளம் சுமார் 250 மீட்டர். டிஸ்னி கப்பலில் ரோலர் கோஸ்டர் வருவது இதுவே முதல் முறை. கடலில் ஓடுவதில் ஆக நீளமானது என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் கடலில் முதல் ரோலர் கோஸ்டர் இது இல்லை. 2021இலேயே கார்னிவல் நிறுவனத்தின் 'மார்டி கிராஸ்' கப்பலில் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. திறந்தவெளியில் இருக்கும் எதுவும் வானிலையை நம்பித்தான் இருக்கு. மழை, இடி, பலத்த காற்று என்றால் நிறுத்திவிடுவார்கள். நம் வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை புதிதல்ல. தங்கை அதற்காகவே வருகிறாள் என்றால், கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் முதல் வாய்ப்பிலேயே ஏற்றிவிடுங்கள்.

டிஸ்னி கப்பல்களில் இல்லாத ஒன்றும் உண்டு: சூதாட்டக்கூடம். பல உல்லாசக் கப்பல்களுக்கு அது முக்கிய வருமானம். இங்கே அந்த வருமானம் இல்லை என்பதால் கட்டணத்தை மற்றக் கப்பல்களோடு நேரடியாக ஒப்பிடும்போது இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

அறை எந்தப் பக்கம் பார்க்கும்?

பால்கனி என்றதும் கடல் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கப்பலில் உட்புறத் தோட்டத்தைப் பார்க்கும் பால்கனி அறைகளும் உண்டு. விலைப் பட்டியலில் 'கடல் காட்சி' என்கிறதா, 'தோட்டக் காட்சி' என்கிறதா என்று படியுங்கள். தோட்டத்தைப் பார்க்கும் அறையில் நிகழ்ச்சிகளின் கலகலப்பு இருக்கும். எதிர்ப்பக்கத்து அறைக்காரர்களுக்கும் உங்கள் பால்கனி தெரியும். சிலருக்கு அது பிடிக்கும். சீக்கிரம் தூங்கும் குழந்தை இருந்தால் யோசிக்க வேண்டும்.

பெரிய குடும்பம் என்றால் நடுவில் கதவு உள்ள இரண்டு அறைகளைக் கேட்கலாம். ஒரே அறையில் நால்வர் நெருக்கிக்கொள்வதைவிட, அப்பா அம்மாவும் பிள்ளைகளும் ஒன்றில், தாத்தா பாட்டி மற்றதில் என்று பிரித்தால் குளியலறையும் இரண்டாகிவிடும். காலையில் அதன் அருமை தெரியும்.

கடல் பக்கப் பால்கனி என்றால் ஒரே ஒரு விதி: நாற்காலியைக் கம்பி ஓரத்தில் போடக் கூடாது. பிள்ளைகள் ஏறுவார்கள்.

பிள்ளைகளை எங்கே விடலாம்?

டிஸ்னி கப்பல்களில் வயதுக்கு ஏற்ப இடங்கள் உண்டு. 3 முதல் 10 வயது வரை 'ஓஷனியர் கிளப்'. 11 முதல் 14 வரை 'எட்ஜ்'. 14 முதல் 17 வரை 'வைப்'. இவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை. 3 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குழந்தைக் காப்பகம் உண்டு. அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். பொதுவாக ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் வரம்பு உண்டு: 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அண்ணி கர்ப்பமாக இருந்தால், புக் செய்யும் நாளை அல்ல, பயணம் முடியும் நாளை வைத்து வாரத்தை எண்ணுங்கள்.

சின்னப் பிள்ளைகளை ஓஷனியர் கிளப்பில் விடும்போது பதிவுசெய்து விடுவார்கள். அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி என்று நீங்கள் முன்பே குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் தாத்தா பெயரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் போய் நின்றாலும் பேரனை அனுப்ப மாட்டார்கள். அது நல்லதுதான், ஆனால் தாத்தாவுக்குக் கோபம் வரும்.

கழிப்பறைப் பழக்கம் வராத பிள்ளையைக் கிளப்பில் சேர்க்க முடியாது. நீச்சல் குளத்திலும் அதே விதி பெரும்பாலும் பொருந்தும். அவர்களுக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டு இடம் மட்டும் இருக்கும். 3 வயதுப் பிள்ளை உள்ளவர்கள் இதைத் தெரியாமல் போனால் முதல் நாளே அழுகைதான்.

குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார். ஆனால் கூட்டமான குளத்தில் உங்கள் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் இல்லை. அந்த வேலையைக் குடும்பத்தில் ஒருவர் முறை வைத்துச் செய்யணும். "நீ பார்த்துக்குவேன்னு நினைச்சேன்" என்று இரண்டு பேர் சொல்லும் நிலைமை வரக் கூடாது.

சாப்பாடு எப்படி?

உணவகங்கள் நிறைய. இந்திய உணவை மையமாகக் கொண்ட 'மௌக்லிஸ் ஈட்டரி' என்ற இடமும் உண்டு. டிஸ்னி கப்பல்களில் ஒரு வழக்கம் பிரபலம்: ஒவ்வோர் இரவும் வேறு உணவகம், ஆனால் பரிமாறுபவர்கள் உங்களோடு கூடவே வருவார்கள். இரண்டாம் நாள் இரவே பாட்டிக்கு வெந்நீர்தான் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரவு உணவை இரண்டு வேளையாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி சாப்பிடும்போது மறு பாதி அரங்கில் நிகழ்ச்சி பார்க்கும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். இத்தனை ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் உட்காரவைக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. சின்னப் பிள்ளையோ நீரிழிவு உள்ள பெரியவரோ இருந்தால் முதல் வேளையைக் கேளுங்கள்.

நம் வீடுகளுக்கு ஒரு முக்கியமான குறிப்பு: "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை சேர்க்கலாமா? மீன் சாறு, இறால் பிளாச்சான், சிப்பிச் சாறு, கோழி வேகவைத்த சூப் ஆகியவை கூடாதா? பாட்டி வெங்காயம், பூண்டும் தொட மாட்டாரா? ஒவ்வொன்றையும் தனித்தனியாக, புக் செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறிய பிறகு பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

கப்பல்களில் வயிற்றுக் கோளாறைப் பரப்பும் நோரோ கிருமி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைச் சுத்திகரிப்பான் அதற்குச் சரிவர வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. பஃபே வரிசைக்கு முன் பிள்ளைகளைக் கை கழுவ அனுப்புங்கள்.

தாத்தா பாட்டிக்கு ஒத்துவருமா?

342 மீட்டர் என்பது ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. காலையில் உணவகம், பிறகு அரங்கம், பிறகு அறை என்றால் ஒரு நாளில் கணிசமான நடை. மின்தூக்கிக்கு அருகே உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். சக்கர நாற்காலி நுழையும் அறைகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

கப்பலில் மருத்துவ நிலையம் இருக்கும், மருத்துவர் இருப்பார். ஆனால் அது மருத்துவமனை இல்லை. சிகிச்சைக்கும் தனிக் கட்டணம். "சிங்கப்பூர் பக்கத்துலதானே இருக்கோம்" என்று பயணக் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். கப்பல் பயணத்துக்கும் அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கும் காப்புறுதி பொருந்துமா, ஏற்கெனவே உள்ள நோய்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கடல் ஆட்டம்? இவ்வளவு பெரிய கப்பலில், அசைவைக் குறைக்கும் துடுப்புகளும் இருப்பதால், பெரும்பாலும் உணரவே மாட்டீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தென்சீனக் கடலில் அலை கூடுதலாக இருக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். வாந்தி, தலைசுற்றல் வரும் ஆள் இருந்தால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். ஊஞ்சலின் நடுவில் ஆட்டம் குறைவு என்பதுபோலத்தான் இதுவும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விலை பயண நாளுக்கும் அறைக்கும் ஏற்ப மாறும். விளம்பரத்தில் தெரியும் எண் வழக்கமாக ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கான கட்டணம். தனியாகப் போனால் ஏறக்குறைய இருவர் கட்டணம் வரும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு.

கட்டணத்தில் பொதுவாகச் சேர்ந்தவை: அறை, முக்கிய உணவகங்கள், அரங்க நிகழ்ச்சிகள், நீச்சல் குளங்கள், பிள்ளைகளுக்கான கிளப்புகள்.

சேராதவை: மதுபானம், சிறப்பு உணவகங்கள், ஸ்பா, குழந்தைக் காப்பகம், இணையச் சேவை, புகைப்படங்கள், கடைகளில் வாங்கும் பொருள்கள். துறைமுக வரியும் கட்டணங்களும் முதலில் காட்டும் விலையில் அடங்குமா என்று பாருங்கள். பிறகு டிப்ஸ். அது ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். ஐந்து பேர், மூன்று இரவு என்றால் பதினைந்து பங்கு. சின்னத் தொகை போலத் தெரியும், கூட்டிப் பார்த்தால் அப்படி இராது.

கப்பலில் காசு கைமாறுவது அரிது. அறைக் கணக்கில் எழுதிக்கொண்டே போவார்கள். அதில்தான் ஆபத்து. பொம்மைக் கடையும் புகைப்படமும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். பிள்ளைகளின் அட்டையில் செலவழிக்கும் அனுமதியை முடக்கிவைக்க முடியுமா என்று கேளுங்கள். தினமும் ஒருமுறை கணக்கைப் பாருங்கள். எந்த நாணயத்தில் எழுதுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கைத்தொலைபேசியும் ஒரு பொறி. கரையை விட்டு விலகியதும் அது கப்பலின் துணைக்கோள அலைவரிசையோடு தானே இணைந்துகொள்ளலாம். சாதாரண வெளிநாட்டு ரோமிங் திட்டங்கள் பலவும் இதற்குப் பொருந்தாது. ஏறியதும் விமானப் பயண முறைக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் போடுங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய கைபேசியிலும் நீங்களே செய்துவிடுவது நல்லது. "நான் ஒண்ணுமே செய்யலையே" என்று அப்பா சொல்லும் பில் இப்படித்தான் வரும்.

இதையெல்லாம் யார் நடத்துகிறார்கள்?

சுமார் 2,500 ஊழியர்கள். ஏறக்குறைய மூன்று பயணிகளுக்கு ஒருவர். உங்கள் அறையைத் துடைப்பவர், அரங்கில் ஆடுபவர், இயந்திர அறையில் இருப்பவர், கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி நீங்கள் குளிக்கும் தண்ணீரை உருவாக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பவர், எல்லாரும் இதில் அடக்கம். நீங்கள் இறங்கும் நாளில் அவர்கள் இறங்குவதில்லை. அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் அறைகளைத் தயார்செய்ய வேண்டும்.

அவர்களுக்காக அனைத்துலகக் கடல்சார் ஊழியர் உடன்படிக்கை ஒன்று உண்டு. 2006இல் உருவான அதில் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கிறது. அதன்படி ஓர் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். அல்லது வேலை நேரம் நாளுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணியைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை இன்னொரு முறை படித்தால், கப்பல் வேலை எவ்வளவு கடினம் என்று புரியும். டிப்ஸ் வரியை நீக்கலாமா என்று யோசிப்பதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள். பட்ஜெட்டில் அதை முதலிலேயே சேர்த்துவிட்டால் மனம் உறுத்தாது.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள்

ஒன்று: மூன்று நாள் கரையே பார்க்காமல் இருக்க உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? ஊர் சுற்றுவதுதான் அப்பாவுக்கு விடுமுறை என்றால், துறைமுகங்களில் நிற்கும் வேறு கப்பலைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து அப்படிப்பட்ட பயணங்களும் கிளம்புகின்றன.

இரண்டு: வீட்டில் ஆகச் சிறியவருக்கும் ஆக மூத்தவருக்கும் அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? காலை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நடுவில் உள்ள உங்களைப் போன்றவர்களுக்குப் பொழுது தானாகப் போய்விடும்.

மூன்று: விளம்பர விலையோடு வரி, டிப்ஸ், இணையம், காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் அந்தத் தொகை உங்களுக்குச் சரியாகத் தோன்றுகிறதா? அந்தத் தொகையை அப்பாவிடம் முதலிலேயே சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு பில்லைக் காட்டிச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாகப் புக் செய்யுங்கள். தாத்தாவின் கடப்பிதழை மட்டும் இன்று இரவே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.